ஏழு ராத்தல் பெட்டி

மகனே,

நீ இதை வாசிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். சொந்தமாக ஒரு காரும் வாங்கியிருப்பாயோ என்னவோ, உன் அத்தாவின் ரத்தம் அப்படி. இன்றைக்கு உனக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் சொல்லித் தருகிறார்கள், தமிழ் எழுத்தை வீட்டில் நான் சொல்லித் தருகிறேன். நேற்று 'ழ' எழுதப் பழகினாய். அந்த எழுத்து உன் கைக்கு வர வர எனக்குள் ஒரு பயம் ஏறுகிறது. உனக்கு வாசிக்கத் தெரிந்துவிட்டால் உன்னிடம் சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு சாக்குப்போக்கும் மிச்சமிருக்காது. அதனால்தான் மூன்று வருஷம் தாமதித்து இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

உன் இடது தொடையின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. தோல் சுருங்கி, காய்ந்த இஞ்சியின் மேல்தோல் போல இருக்கும். அது எப்படி வந்தது என்று உனக்கு ஒரு கதை தெரியும். போன வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி படகுத்துறை ஜெட்டியில் போட்டுக்குக் காத்து நின்றபோது அந்தக் கதையை நீயே உரக்கச் சொன்னாய். எதிரே கிரீஸ் படிந்த பையோடு ஒரு மனிதர் இறங்கி வந்தார். அவரைப் பார்த்ததும் நீ என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, என் காலைச் சுட்ட கள்ளன் அதோ போறான்" என்றாய். அவர் காதில் அது விழுந்தது. ஒரு நொடி நின்றார். உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு நடந்துவிட்டார். நான் உன் வாயைப் பொத்தினேனே தவிர, நீ சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. அந்த மனிதர் வறீது மேஸ்திரி. உன் காலைச் சுட்டது அவர் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். பாலக்காட்டிலிருந்து இந்த வீட்டுக்கு நிக்காஹ் ஆகி வந்தபோது எனக்கு இருபது வயது. பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ரசாயனத்தில் வாங்கிய பி.எஸ்ஸி. பட்டம் இருந்தது. பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் வாங்கி விற்கிற வீட்டில் அதற்கு என்ன வேலை? உன் அத்தாவைப் பெற்ற என் மாமி, வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மருமவ பெரிய படிப்பு, மீன்ல உப்பு கூடுனா தராசு வச்சுச் சொல்லும்" என்று சிரிப்பார். கோபமில்லாத கேலிதான். ஆனால் எட்டு வருஷம் கேட்டால் எந்தக் கேலியும் மனசில் கொஞ்சம் அரித்துவிடும். நீ பிறந்தாய், பால் கொடுத்தேன், அரிசிப் பத்திரி சுட்டேன். படித்ததை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போதுதான் உன் அத்தாவுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்தது. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன சின்ன இரண்டு கதவுக் கார் ஒன்றை வாங்கிவந்தார். கோயம்புத்தூருக்கு அப்பால், உலகச் சண்டைக் காலத்தில் போட்டுப் பிறகு கைவிட்ட ஒரு விமானத் தளம் உண்டு. அங்கே மில் முதலாளிகளின் பிள்ளைகளும் தேயிலைத் தோட்ட முதலாளிகளும் கூடி, இரண்டிரண்டு காராக நிறுத்திக் கால் மைல் தூரம் நேராக ஓட்டுவார்கள். வளைவு இல்லை, திருப்பம் இல்லை. இருபது விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். அந்த இருபது விநாடிக்காக ஒரு வருஷம் முழுக்க எங்கள் கிடங்கின் பின்கட்டு பட்டறையாகக் கிடந்தது. வேலை செய்தது வறீது மேஸ்திரி. உன் அத்தாவின் லாரிகளைப் பத்து வருஷமாகப் பார்த்துவந்தவர், எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே அதன் வயதைச் சொல்லிவிடுவார்.

எடையைக் குறைக்க வேண்டும், அதுதான் அந்த ஓட்டத்தின் வேதம். மேஸ்திரி கழற்றிக் கொடுப்பதையெல்லாம் மிளகு நிறுக்கிற பெரிய தராசில் வைத்து நிறுத்தார்கள். பின்சீட்டு, கதவின் உள்தகடு, ஸ்டெப்னி, பம்பர் எல்லாம் தராசு ஏறி இறங்கின. ஒரு நாள் சாயா கொண்டுபோனபோது அத்தா பாட்டரியைத் தராசில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நாற்பது ராத்தல். "இதைக் கழட்டினா வண்டி எப்படி ஓடும்?" என்றார், என்னிடம் இல்லை, தராசிடம். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "பெரிய பாட்டரி எதுக்கு? செல்ஃப் எடுக்கத்தானே அவ்வளவு கரண்டு வேணும். ஓடுறப்ப பொறிக்கு மட்டும் கொஞ்சம் போதும். மோட்டார் சைக்கிள் பாட்டரி ஆறு வோல்ட்டு, ரெண்டைச் சேர்த்துக் கட்டினா பன்னிரண்டு. கிளப்புறதுக்குப் பெரிய பாட்டரியை வெளியில வச்சு வயர் கொடுத்துட்டு எடுத்துடலாம்."

அத்தா என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நிக்காஹ் அன்று கூட அப்படிப் பார்க்கவில்லை. "ஏ புள்ள, இத்தனை நாளா இதை எங்க வச்சிருந்த?" என்றார். அன்று முதல் சாயா வேறு யாரோ கொண்டுவந்தார்கள், நான் நோட்டும் பென்சிலுமாகப் போனேன். சின்ன பாட்டரிகள் இரண்டும் சேர்ந்து பத்து ராத்தல், ஆக முப்பது ராத்தல் மிச்சம். எங்கே வைப்பது என்பதையும் நானே சொன்னேன். வண்டி சீறிக் கிளம்பும்போது எஞ்சினின் முறுக்கால் வலது பின்சக்கரம் லேசாகித் தரையில் வழுக்கும். அதனால் எடையாக இருப்பது எதுவானாலும் முன்னாலிருந்து எடுத்து அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் வைக்க வேண்டும். மேஸ்திரி மூக்கில் விரலை வைத்தார்; அக்கா என்கிற முறையில் என்னை இத்தா என்றுதான் கூப்பிடுவார். "இத்தா சொல்றது சரியாக்கும் முதலாளி. எனக்குக் கை அறியும், காரணம் அறியாது" என்றார். மகனே, அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை நாள் மென்றுகொண்டிருந்தேன் தெரியுமா? படித்தவர்களுக்கு இப்படி ஒரு பசி உண்டு. உனக்கும் வரும். வந்தால் அதைக் கண்டுகொள்.

மேஸ்திரி ஒன்று மட்டும் பிடிவாதமாகச் செய்தார். தன் வீட்டில் கிடந்த தேக்குப் பலகையை அறுத்து, உள்ளே ஈயத் தகடு அடித்து, மூடியும் இரும்புப் பட்டையும் போட்டு, பாட்டரிகளுக்கு ஒரு பெட்டி செய்தார். வாயு வெளியே போக ரப்பர்க் குழாய், அடியில் தரையோடு முடுக்க நாலு போல்ட்டு. தராசில் வைத்தோம். ஏழு ராத்தல். நான் முகம் சுளித்தேன். "பத்து ராத்தல் பாட்டரிக்கு ஏழு ராத்தல் பெட்டியா மேஸ்திரி?" என்றேன். அவர், "பாட்டரிக்குக் கால் இல்லை இத்தா. ஆனா ஆசிடுக்குக் கால் உண்டு, அது நடக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ரசாயனம் படித்தவளுக்கு லாரி மேஸ்திரி கந்தக அமிலத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

ஓட்டத்தன்று காலையில் விமானத் தளத்தில் வெயில் தார் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. எதிராளியின் கார் எங்கள் காரைவிடப் புதியது. அத்தா பேர் கொடுக்கப் போயிருந்தார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மேஸ்திரியிடம் போனேன். "பெட்டியை எடுத்துடுங்க" என்றேன். அவர் புரியாதவர் போலப் பார்த்தார். "இருபது விநாடிதானே மேஸ்திரி. சைக்கிள் டியூப் வச்சு இறுக்கிக் கட்டுங்க, போதும்." "முதலாளி கேட்டா?" "நான் சொல்லிக்கிறேன்." பிறகு எங்கள் வீட்டுப் பேச்சிலேயே ஒன்று சொன்னேன். மிளகு மூட்டையை நிறுத்ததும் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் சரக்கின் எடையை எழுதுவார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் வாதாடாத ஒரே இடம் அது. சாக்கு யாருக்கும் வேண்டாம். "பெட்டி சாக்கு மாதிரி மேஸ்திரி, கழிச்சுட வேண்டியதுதான்" என்றேன். நன்றாகச் சொல்லிவிட்டதாக எனக்கே ஒரு நினைப்பு. அவர் ஸ்பானரை எடுத்தார். நான் முதலாளியின் மனைவி, போதாததற்குப் பட்டதாரி. அவர் வேறென்ன செய்வார்?

ஜெயித்தோம். அரை வண்டி நீளத்தில். அத்தா கோட்டைத் தாண்டிய வேகத்தில் திரும்பிவந்து, கதவைத் திறந்து உன்னை வாங்கி, சீட்டு இல்லாத பின்பக்கத்தில் உட்கார வைத்துத் தளத்தைச் சுற்றி மெதுவாக ஒரு வலம் வந்தார். தகடு சுடுமே என்று அங்கே நான் ஒரு மிளகுச் சாக்கை மடித்துப் போட்டிருந்தேன். வண்டி சீறிய சீற்றத்தில் பாட்டரி ஒன்று கட்டிலிருந்து சரிந்து, அமிலம் சொட்டி, அந்தச் சாக்கில் ஊறியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. நீ அதன் மேல்தான் உட்கார்ந்து கை தட்டினாய்.

இறங்கியதும் போட்டோ. உன்னைப் பானெட் மேல் உட்கார வைத்து, கோப்பையை மடியில் கொடுத்தோம். பரிசு கொடுத்த பெரிய மனிதரும் படத்தில் நிற்க வேண்டும் என்பதால் அவர் வரும்வரை காத்திருந்தோம். நீ நெளிந்தாய். "அம்மா, எறும்பு கடிக்குது." "இல்ல தம்பி, சும்மா உட்காரு." "கடிக்குதும்மா." "படம் எடுக்கட்டும், அசையாத." நான் உன் இரண்டு தோளையும் பிடித்து அழுத்திக்கொண்டேன். பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்கும். நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படம் அதுதான். விருந்தாளிகள் வந்தால், "கோப்பை கனம் தாங்காம புள்ள மூஞ்சியைப் பாரு" என்று சிரிப்பார்கள். அது கோப்பையின் கனம் இல்லை. உன் தோள்மேல் இருக்கும் கையைப் பார். வளையல்கூடச் சதையில் பதிந்திருக்கிறது. இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு மிகவும் கூசுகிற இடம் இது. பெட்டியைக் கழற்றச் சொன்னது ஆணவம் என்றாவது பெயர் சொல்லலாம். நீ கடிக்குது என்று சொன்னதை என் காதால் கேட்டும் உன்னை அழுத்திப் பிடித்ததற்கு என்ன பெயர்?

படம் முடிந்து உன்னைத் தூக்கியபோது நிக்கர் துணி என் கையோடு நூல் நூலாக வந்தது. எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ரேடியேட்டருக்கு வைத்திருந்த தகர டின்னை இழுத்து உன் காலில் தண்ணீரை ஊற்றினேன். "தண்ணி, இன்னும் தண்ணி" என்று கத்தினேன். மேஸ்திரிதான் ஓடி ஓடிக் கொண்டுவந்தார். அத்தா காருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "பெட்டி எங்க? எவன்டா பெட்டியைக் கழட்டுனது?" அத்தனை பேருக்கு முன்னால். மேஸ்திரி தண்ணீர் டின்னோடு நின்றார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். "ஞானாக்கும் முதலாளி" என்றார். "எடை கொறையுமேன்னு நெனச்சுப் போயி." அத்தா கையை ஓங்கினார், பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "இனி என் கண்ணுல பட்டா வெட்டிடுவேன்" என்றார். பத்து வருஷ வேலை அந்த இடத்தில் முடிந்தது.

மறுநாள் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்தேன், நேரமில்லை என்று வைத்துக்கொண்டேன். புண் ஆறட்டும் என்று வைத்துக்கொண்டேன். அதற்குள் கதை பஜார் ரோடு முழுக்கப் பரவி, வறீது கை வைத்தால் வண்டி கெடும் என்றாகி, லாரி வைத்திருந்த ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. கடைசியில் எதிர்க்கரையில், வைப்பின் தீவில், படகு எஞ்சின் பழுது பார்க்கிற யார்டில் கூலிக்குச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். மாமி ஒருமுறை, "தண்ணி ஊத்தணும்னு இதுக்குத் தெரிஞ்சதாலதான் புள்ளைக்குக் கால் பிழைச்சுது. படிப்பு படிப்புதான்" என்று என்னைப் புகழ்ந்தார். எட்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. அதையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

ஒரு வருஷம் கழித்து, யாரும் கேட்காமலே, பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்தப் பெட்டி இருந்திருந்தால் கால் மைலில் நாங்கள் இரண்டு முழம் பின்னால் வந்திருப்போம். ஜெயித்தது நாலு முழத்தில். பெட்டியோடும் ஜெயித்திருப்போம். இதைக் கண்டுபிடித்த அன்று அதே கணக்கை மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிறகு யோசித்தேன், பெட்டியோடு தோற்றிருப்போம் என்று வந்திருந்தால் மட்டும் நான் செய்தது சரியாகிவிடுமா? கணக்கு எனக்குச் சாதகமாக வந்திருந்தால் அதன் பின்னால் ஒளிந்திருப்பேனே, அதை நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வண்டி வாங்கினால் எடையைக் குறை, தப்பில்லை. சீட்டைக் கழற்று, பம்பரைக் கழற்று, பாட்டரியைச் சின்னதாக்கு, பின்னால் கொண்டுபோய் வை. ஆனால் பாட்டரியைப் பிடித்திருக்கிற எதையும் கழற்றாதே. பெட்டியையும் மூடியையும் போல்ட்டையும் பாட்டரியின் எடையோடு சேர்த்தே எழுது. நோட்டு வைத்திருப்பவனுக்கும் ஸ்பானர் வைத்திருப்பவனுக்கும் வாக்குவாதம் வந்தால், ஸ்பானர்காரன் பயந்து வாயை மூடுகிற மாதிரி பேசாதே. குழந்தை கடிக்குது என்றால் கடிக்கிறது. தூக்கிப் பார்.

இவ்வளவு எழுதி, மடித்து, பட்டத்தோடு என் துணிப் பெட்டியில் வைக்கப் போனேன். பூட்டும்போதுதான் உறைத்தது. நீ வளர்ந்து இதை வாசிக்கப் பதினைந்து வருஷம் ஆகும். அதுவரை மேஸ்திரி ஜெட்டியில் இறங்கி ஏறுவார், நீ ஒளிந்து நின்று கள்ளன் என்பாய். வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வது எவ்வளவு சௌகரியம்! கடிதத்தை வெளியே எடுத்துவிட்டேன். இதற்குக் கீழே இருப்பது ஐந்து நாள் கழித்து எழுதுவது.

அத்தா மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது சொன்னேன். எழுதியதை வாசிக்கவில்லை, வாயால் சொன்னேன். கையில் பிசைந்திருந்த சோற்றைத் தட்டில் திரும்ப வைத்தார். "அத்தனை பேரு முன்னால அந்த ஆளை நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். என்னைத் திட்டவில்லை. எழுந்து கையைக் கழுவி, கூடத்துப் படத்தைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அதை நான் மறுபடி மாட்டினேன். அது அங்கேயே இருக்கட்டும். வருகிறவர்கள் சிரித்தால் இனி நான் சொல்வேன். மேஸ்திரியிடம் போகலாம் வாருங்கள் என்றேன். "நாளைக்கு" என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். அந்த வார்த்தையை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் இன்று காலை உன்னை மட்டும் கூட்டிக்கொண்டு போட்டு ஏறினேன்.

யார்டில் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஒரு மீன்பிடிப் படகின் எஞ்சினுக்குள் கை விட்டிருந்தார். பழி பரவியது மலையாளத்தில், அதனால் நானும் மலையாளத்திலேயே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பெட்டியைக் கழற்றச் சொன்னது நான். பெட்டி வேண்டும் என்று பிடிவாதமாகச் செய்தவர் இவர். சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மேஸ்திரி கையை வெளியே எடுத்து கழிவுப் பஞ்சில் துடைத்தார்.

"இத்தா," என்றார், "அன்னைக்கு நீங்க கொச்சனோட கால்ல வெள்ளம் ஊத்திட்டு இருந்தீங்க. பேச நின்னா கால் போகும். அதுக்காகப் பழியை ஞான் ஏத்தேன். அந்த ஒரு நாளைக்கு. மறுநாள் நீங்க சொல்லும்னு நெனச்சேன்."

பொறுத்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்ப வருவீர்களா என்றதற்கு, "முதலாளிக்கு வாய் உண்டல்லோ" என்றார். அத்தா நேரில் போய்க் கேட்கும்வரை நான் விடப்போவதில்லை.

நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாய். "அப்போ என் காலைச் சுட்ட கள்ளன் யாரும்மா?" என்றாய். "நான்தான் தம்பி" என்றேன். நீ என் விரலை விட்டுவிட்டாய். கொஞ்ச நேரம்தான், போட்டு ஆடியதும் மறுபடி பிடித்துக்கொண்டாய். ஆனால் விட்டதை நான் உனக்கு எழுதி வைக்கிறேன். விட்டது சரி.

கிளம்பும்போது மேஸ்திரி உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கிவந்தார். தேக்குப் பலகை, உள்ளே ஈயத் தகடு, மூடி, இரும்புப் பட்டை. அன்று கழற்றிய அதே பெட்டி, இத்தனை நாள் ஆணிகளைப் போட்டு வைத்திருந்தாராம். ஆணியைக் கொட்டிவிட்டு என் கையில் கொடுத்தார். போட்டிலிருந்து வீடுவரை சுமந்துவந்தேன், இரண்டு முறை கை மாற்ற வேண்டியிருந்தது. இந்தக் கடிதம் அதில்தான் இருக்கும். நீ அதிலிருந்து எடுத்துத்தான் இதை வாசித்திருப்பாய். முடித்ததும் மூடியைச் சாத்தி, அதை ஒருமுறை தூக்கிப் பார்.

உன் அம்மா